மாலன் யார்? 555 புத்தகத்தில் ஓராண்டு வாசிப்பு



"இந்த வருஷம் என்ன படிச்சீங்க, ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க" என்று கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இதை ஒரு பொய்யிலிருந்து தொடங்க வேண்டும் என்று. நான் சொன்ன பொய்தான்.

படிவம் ஐந்து வகுப்பு. கட்டுரையில் மேற்கோள் காட்டுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நட்பு, ஒழுக்கம், இளமையில் வழிதவறுதல் என்று எந்தத் தலைப்பு வந்தாலும் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' நாவலைத் தொட்டுக்காட்டுவது என் பல வருடப் பழக்கம். அதற்கென்று மூன்று பக்கக் குறிப்பு ஒன்று வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் நகலெடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு ஒரு மாணவி கை தூக்கினாள்.

"டீச்சர், குறிப்புல மாலனே இல்லயே?"

மாலனா? வேலய்யன், சந்திரன் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாலன் யார் என்று சட்டென்று நினைவு வரவில்லை. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், "அது துணைப் பாத்திரம்தாம்மா. தேர்வுக்கு அவ்வளவு முக்கியமில்ல" என்றேன். அவள் விடவில்லை. "நீங்க முழுசா படிச்சிருக்கீங்கதானே, டீச்சர்?" குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"படிக்காமலா பாடம் நடத்துறேன்?"

படித்தது உண்மைதான். ஆனால் எப்போது? பயிற்சிக் கல்லூரியில் இருந்த காலத்தில். அதற்குப் பிறகு அந்த நாவலை நான் திறக்கவே இல்லை. இத்தனை வருடமும் நான் நடத்தியது 'அகல் விளக்கு' அல்ல, என் மூன்று பக்கக் குறிப்பு. அந்தக் குறிப்பையும் வேறொருவர் குறிப்பைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் மளிகைக் கடையில் ஒரு 555 புத்தகம் வாங்கினேன். சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். நம் பாட்டன் காலத்தில் கடைக்காரர் கடன் கணக்கு எழுதிவைத்த நோட்டு. எனக்கும் கடன்தானே, அதனால் பொருத்தம் என்று பட்டது. படிக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் அதில் எழுதுவது என்று முடிவு செய்தேன். மாணவர்களுக்கு நீலாம் வாசிப்புத் திட்டத்தில் நாம் என்ன கேட்கிறோமோ அதையே எனக்கும் வைத்துக்கொண்டேன்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்கம், கதைச்சுருக்கம், படிப்பினை. நீலாம் இப்போது இணையத்துக்கு மாறிவிட்டாலும் கேட்பது ஏறக்குறைய அதே விவரங்களைத்தான்.

முதல் மூன்று மாதத்தில் ஒன்பது புத்தகம். 'பரவாயில்லையே' என்று பெருமையாகத்தான் இருந்தது. பள்ளி விடுமுறையில் நோட்டைப் புரட்டினேன். படிப்பினைப் பகுதியை மட்டும் தொடர்ந்து வாசித்துப் பார்த்தேன். 'உழைப்பே உயர்வு தரும்.' 'குடும்ப ஒற்றுமை அவசியம்.' 'துன்பத்தைக் கண்டு துவளக்கூடாது.' 'பெண்கள் தன்னம்பிக்கையுடன் வாழ வேண்டும்.' மறுபடியும் 'துன்பத்தைக் கண்டு துவளக்கூடாது.' தலைப்பை மறைத்துவிட்டால் எது எந்தப் புத்தகத்துக்குரியது என்று எனக்கே சொல்ல முடியவில்லை. ஒன்பது பேர் ஒன்பது விதமாக எழுதிய புத்தகங்கள். நான் எல்லாவற்றையும் ஒரே மாவாக அரைத்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு படிப்பினை என்ற பகுதியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'எங்கே நிறுத்தினேன்?' என்று எழுதினேன். படித்துக்கொண்டே போகும்போது எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன், ஏன் வைத்தேன். இவ்வளவுதான் மாற்றம். இந்த ஆண்டு நான் படித்த விதத்தையே அது மாற்றிவிட்டது. அதனால் பிடித்த புத்தகங்களை வரிசைப்படுத்தாமல், நான் நிறுத்திய இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் 'அகல் விளக்கு'. 1961ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். மு.வ. நமக்குப் பிடித்தமானவராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. படிப்பினையை அவரே எழுதிக் கொடுத்துவிடுவார், நாம் தேட வேண்டியதில்லை. பாத்திரங்கள் பேசிக்கொண்டே வந்து நடுவில் அரைப் பக்கத்துக்கு வாழ்க்கை நெறியைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இளம் வயதில் அந்த இடங்களைத்தான் அடிக்கோடு போட்டிருந்தேன். இப்போது அங்கேதான் எனக்குக் கண் தாண்டி ஓடியது. மு.வ. மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் ஒரு பாத்திரம் தன்னைப் பற்றி உணர வேண்டியதை ஆசிரியரே முந்திக்கொண்டு சொல்லும்போது அந்தப் பாத்திரம் கொஞ்சம் சுருங்கிப் போகிறது. இதை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

நிறுத்திய இடம் வேறு. கதையைச் சொல்கிற வேலய்யன், சிறுவனாக இருக்கும்போது சந்திரனைப் பார்த்து வியக்கிற பக்கங்கள். சந்திரன் அழகன், அறிவாளி, ஊரே அவனைக் கொண்டாடுகிறது. வேலய்யன் சாதாரணம். அந்த வியப்புக்குள் ஒரு சின்னப் பொறாமை ஒளிந்திருக்கிறது. மு.வ. அதைப் பெயர் சொல்லி அழைக்காமல் விட்ட இடங்கள்தான் நாவலிலேயே உயிருள்ள இடங்கள். மின்னலாகத் தோன்றியவன் விழுந்தான், அகல் விளக்காக இருந்தவன் நின்று எரிந்தான் என்று தலைப்புக்கு விளக்கம் எழுதிவிடலாம். குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் தன் நண்பன் விழுவதைச் சொல்லிக்கொண்டிருப்பவனும் அந்த நண்பனால் ஒரு காலத்தில் நிழலில் நின்றவன்தான் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் கதை வேறாகத் தெரிகிறது.

மாலன்? சந்திரனின் தங்கை கற்பகத்தை மணப்பவன். சந்திரனின் சீரழிவு எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நடக்கிறது. மாலனுடைய தவறுகள் ஒரு வீட்டுக்குள் நடக்கின்றன. அதன் பாரம் கற்பகத்தின் தலையில் விழுகிறது. என் குறிப்பு சந்திரனை மட்டும் எடுத்துக்கொண்டு மாலனை விட்டுவிட்டதால், ஆண் கெட்டால் அது அவனுடைய துன்பம் என்று முடிந்துபோகிறது. யார் வீட்டில் அந்தத் துன்பம் வந்து உட்காருகிறது என்ற பாதிக் கதை குறிப்பில் இல்லை. மாலன் தேர்வுக்கு முக்கியமில்லை என்று நான் சொன்னேனே, அவன் இல்லாமல் கற்பகத்தைப் பற்றி என்ன எழுத முடியும்?

படித்து முடித்த வாரமே வகுப்பில் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு எனக்கு மாலன ஞாபகமே இல்ல. பல வருஷமா நான் இந்த நாவலத் திறக்கல." வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. கேள்வி கேட்டவள் சொன்னாள்: "பரவால்ல டீச்சர். நானும் மாலன் வர்ற வரைக்கும்தான் படிச்சேன். அப்புறம் யாருன்னு குறிப்புல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அடுத்து அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1970களில் வந்த சிறிய நாவல். இரண்டு மூன்று மாலைகளில் முடித்துவிடலாம். பிள்ளையை டியூசனில் விட்டுவிட்டு காரிலேயே உட்கார்ந்து படித்தேன். மு.வ.வுக்குப் பிறகு உடனே இதை எடுத்தது தற்செயல்தான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஆசிரியர் பேசுகிற நாவலுக்கும் பேசாத நாவலுக்கும் என்ன வித்தியாசம் என்பது எந்த உத்திமுறைப் பாடமும் இல்லாமல் புரிந்துவிடும்.

சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, சாயா என்று அக்காள் தங்கை. ஜமுனாவைச் சினிமாவில் கதாநாயகி ஆக்குகிறேன் என்று ஒருவன் ஏமாற்றிக்கொண்டே இருக்கிறான். தெருவில் குடம், வாளி, பம்பு, வரிசை. கருப்பொருள் கேட்டால் நம் மாணவர் 'நீர்ப் பற்றாக்குறை' என்று எழுதுவார். தவறு என்று சொல்ல முடியாது. மதிப்பெண்ணும் கிடைக்கலாம். ஆனால் அப்படி எழுதுகிறவர் ஒரு செய்தித்தாள் துண்டைப் படித்துவிட்டும் அதையே எழுதியிருக்க முடியும்.

நான் நிறுத்திய இடம் டீச்சரம்மா. அந்தத் தெருவில் இருக்கிற பள்ளி ஆசிரியை. வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் வரை போன ஜமுனாவிடம் அவள் தன் கல்யாணக் கதையைச் சொல்கிறாள். வயதில் மிகப் பெரிய, நோயாளிக் கணவன். வீட்டு வேலை, பள்ளிக்கூட வேலை, மாமியார். அதைச் சொல்லும்போது கண்ணீர் வடிக்கவில்லை, தன்னைத் தியாகியாகவும் காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்கிற தொனியில் சொல்கிறாள். நாவல்களில் வருகிற ஆசிரியர் என்றாலே நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருத்துகிறவர் என்று நமக்குப் பழகிவிட்டது. இவள் திருத்த வரவில்லை. கூட உட்கார்ந்து தன் கணக்கைக் காட்டுகிறாள். டியூசன் முடிந்து பிள்ளை வந்து கார்க் கதவைத் தட்டும்வரை நான் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன். என்னிடம் அழுதுகொண்டு வந்த மாணவிகளுக்கு நான் இதுவரை என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்று ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் என் படிப்பினைப் பகுதியில் இருந்த வாக்கியங்கள்தான்.

இந்த ஆண்டில் படித்தவற்றுள் எழுத்தாக எது சிறந்தது என்று கேட்டால் தயங்காமல் 'தண்ணீர்' என்பேன்.

மாணவர்களுக்கு இங்கே ஒன்று. தேர்வுத்தாளில் படிப்பினை கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும். டீச்சர் சொன்னார் என்று அதை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் படிப்பினையை முடிவு செய்துவிட்டு அதற்குச் சான்று தேடினால், எல்லாரும் எழுதுகிற அதே இரண்டு சம்பவங்கள்தான் கிடைக்கும். படிக்கும்போது உங்களை நிறுத்திய இடத்தை முதலில் எழுதிவையுங்கள். பக்க எண்ணோடு. ஒரு நாவலுக்கு ஐந்தாறு இடம் போதும். அப்புறம் கருப்பொருள், பாத்திரப்படைப்பு, பின்னணி என்று எந்தக் கேள்வி வந்தாலும் அந்த இடங்களில் ஒன்றிரண்டு கண்டிப்பாக உதவும். நூறு தாள் திருத்துகிறவருக்கு, எழுதியவர் புத்தகத்தைப் படித்தாரா குறிப்பைப் படித்தாரா என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரியும். குறிப்பு எழுதிக் கொடுத்தவளே நான்தானே.

நடு ஆண்டில் ப. சிங்காரத்தைப் படித்தேன். இரண்டே நாவல்கள் எழுதியவர். 1959இல் 'கடலுக்கு அப்பால்', 1972இல் 'புயலிலே ஒரு தோணி'. இளமையில் சுமத்ராவின் மேடானில் வேலை பார்த்து, ஊர் திரும்பிய பின் மதுரையில் பத்திரிகையில் இருந்தவர். தமிழ்நாட்டு எழுத்தாளர் என்றுதான் வரிசையில் வைக்கிறோம். ஆனால் அவர் எழுதியது நம் பக்கத்துக் கடலை. மேடான், பினாங்கு, ஜப்பானியர் காலம், இந்திய தேசிய ராணுவம்.

முதலில் 'கடலுக்கு அப்பால்' படியுங்கள், பிறகு 'புயலிலே ஒரு தோணி'க்குப் போகலாம். இரண்டாவதுதான் பெரிய நாவல் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் நேராக அதில் இறங்கினால் முதல் ஐம்பது பக்கத்தில் மூச்சு முட்டும். மலாய், சீனம், டச்சு எல்லாம் கலந்து வரும். நமக்கு ஒரு சலுகை உண்டு. சென்னை வாசகர் அடிக்குறிப்பு தேடுகிற மலாய்ச் சொல்லை நாம் பள்ளி கன்டீனில் தினமும் பேசுகிறோம்.

'கடலுக்கு அப்பால்' பினாங்கில் வட்டிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் செல்லையாவின் கதை. முதலாளி மகள் மரகதத்தின் மேல் அவனுக்கு அன்பு. இடையில் போர். அவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்புகிறான். முதலாளிக்கு இப்போது அவன் மருமகனாக வேண்டாம். துப்பாக்கி பிடித்தவன் கடைக்கு ஆக மாட்டான் என்பது அவர் கணக்கு. அந்த முதலாளியைக் கொடியவராகச் சிங்காரம் காட்டவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. பெட்டியடியில் உட்காருகிறவன் எதைக் கண்டு அஞ்ச வேண்டும், எப்படிக் குனிந்து பேச வேண்டும் என்று அவருக்கு ஒரு முழு உலகம் இருக்கிறது. அந்த உலகத்துக்குள் அவர் சொல்வது நியாயம். காதல் தோற்பதைப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தொழில் தன் ஆட்களை எப்படி வார்த்தெடுக்கிறது என்பதைப் படித்து முடித்திருப்போம்.

பள்ளி விடுமுறையில் பினாங்கு போனபோது புத்தகத்தைப் பையில் எடுத்துக்கொண்டேன். செட்டியார் கிட்டங்கிகள் இருந்த லெபோ பினாங்கில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சில பக்கம் திரும்பப் படித்தேன். வீட்டுக்காரர், "பாடம் நடத்த வந்தியா, ஊர் பாக்க வந்தியா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. செல்லையா நடந்த தெரு இது என்று தெரிந்தபோது அந்தத் தெருவில் எனக்கும் ஏதோ உறவு இருக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

'புயலிலே ஒரு தோணி'யில் நிறுத்திய இடங்கள் ஆறு. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாண்டியனும் நண்பர்களும் பினாங்கில் உட்கார்ந்து தமிழரின் பழம்பெருமையைக் கிண்டலடிக்கிற பேச்சு. தமிழாசிரியர்களாகிய நாம் மேடையில் ஏறினால் என்னென்ன சொல்வோமோ அத்தனையும் அங்கே நையாண்டி ஆகிறது. முதல் தடவை எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவை கவனித்தேன். இலக்கியத்தை வரிவரியாகத் தெரிந்தவன்தான் இப்படிக் கிண்டல் பண்ண முடியும். தெரியாதவன் பண்ணினால் அது வெறும் ஏச்சு. இந்தப் பகுதியை ஆறாம் படிவ மாணவர்களோடு படித்து விவாதிக்க வேண்டும் என்று ஆசை. இன்னும் துணிச்சல் வரவில்லை. குறையும் சொல்ல வேண்டும். இந்த நாவலில் பெண்கள் மிகச் சிறிய இடத்தில் நிற்கிறார்கள். பாண்டியனின் கண்ணுக்கு அவர்கள் எட்டுகிற தூரம் அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

இனி வீட்டுக்குள் நடந்த வாசிப்பு. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'.

அ. ரெங்கசாமி நம்மைப்போலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். சயாம் மரண ரயில் பற்றிய நாவல் இது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942இல் ஜப்பானியர் தொடங்கி 1943இல் முடித்தார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படம் உலகம் முழுக்க ஓடியது. அதில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகள்தான் கதை. நம் ஆட்களின் கதையை எழுத நம்மில் ஒருவர் வர வேண்டியிருந்தது.

தனியாகப் படிக்கத் தொடங்கி, நாற்பது பக்கத்தில் வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நடை எனக்குத் தட்டையாக இருந்தது. சிங்காரத்துக்குப் பிறகு எடுத்தது என் தவறு. சம்பவத்துக்குப் பின் சம்பவம், பேச்சுக்குப் பின் பேச்சு. 'பாதியில் விட்டது' என்று நோட்டில் எழுதியும் விட்டேன்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. மேசை மேல் கிடந்த புத்தகத்தைத் தடவிப் பார்த்து, "என்ன புத்தகம்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க பெரியப்பா போனாரு. வரல" என்றார். அது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்தக் கதை அவ்வளவுதான். போனார், வரவில்லை. இரண்டு சொல். அம்மா பிறப்பதற்கு முன்பே போனவர். பாட்டி இருந்தவரை அவருடைய பால் வெட்டும் கத்தியை எடுத்து வைத்திருந்தாராம். பிறகு அதுவும் எங்கோ போய்விட்டது.

"படி, கேக்குறேன்" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அரை மணி நேரம். வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் தட்டை என்று சொன்ன நடை காதுக்கு அப்படி இல்லை. சொல்லுக்குச் சொல் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வாக்கியத்தைக்கூட நான் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. சிங்காரத்தை இப்படி அம்மாவுக்குப் படித்துக் காட்ட முடியாது. பக்கத்துக்குப் பத்துத் தடவை விளக்கம் சொல்ல வேண்டும். கண்ணால் படிக்கிறவர்களுக்காக எழுதப்படும் நடைதான் இலக்கிய நடை என்று நானாகவே ஓர் அளவுகோல் வைத்திருந்தேன். யார் கொடுத்த அளவுகோல் அது? தோட்டத்து மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி எழுதப்பட்ட ஒரு கதைக்கு அது பொருந்தாது. இப்போதும் சில இடங்களில் நாவல் நீளுகிறது, வரலாற்றுத் தகவல் கதையைத் தள்ளிவிட்டு முன்னால் வருகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் 'பாதியில் விட்டது' என்று எழுதியதை அடித்துவிட்டேன்.

ஆள் பிடித்துப் போகிற பகுதி வந்தபோது அம்மா குறுக்கே பேசினார். "அப்படி இல்ல. எங்க பாட்டி சொன்னது வேற." புத்தகத்தை மூடினேன். அன்றைக்குப் பிறகு படிப்பு நடக்கவில்லை. அம்மா சொன்னார். பெரியப்பாவை யார் வந்து கூப்பிட்டது, என்ன சொல்லிக் கூட்டிப் போனார்கள், பாட்டி எதைக் கட்டிக் கொடுத்தார். எனக்கு இத்தனை வயதில் முதல் தடவையாகக் கேட்கிறேன். இரண்டு சொல்லாக இருந்த கதை நாலு பக்கம் ஆனது. அந்த நாலு பக்கத்தை 555இல் எழுதினேன், இடம் போதவில்லை.

காடு, காய்ச்சல், கொள்ளை நோய் வருகிற பக்கங்களில் வேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். "விட்டு விட்டுப் படிக்காத." முடித்த அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நினைவுச் சின்னம்னு பேரு வச்சிருக்காரே, எங்க இருக்கு அது?" காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, பெயர் பொறித்து. எங்கள் பெரிய தாத்தா மாதிரி ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. அதைச் சொல்லிவிட்டு, கையில் இருந்ததை மூடி அம்மா மடியில் வைத்தேன். நோட்டில் 'எங்கே நிறுத்தினேன்?' என்ற இடத்தில் பக்க எண் எழுதவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம கால'த்தைக் கைப்பேசியில் படித்தேன். மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயை இவ்வளவு நிதானமாக எழுதிய நாவல் நம் நாட்டில் வேறு நான் படித்ததில்லை. கைப்பேசியில் படிப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. பாதி வாக்கியத்தில் புலனச் செய்தி வந்து விழுகிறது. கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓர் இருண்ட நகரமும்' என் பிள்ளைக்காக வாங்கியது. சிறுவர் நாவல் என்று நான் ஒதுக்கி வைத்ததை அவன் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்தது இருக்கிறதா என்று கேட்டான். விமர்சனம் அவனுடையது, நான் எதுவும் சேர்க்கவில்லை. 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்ற லதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்' தொகுப்பைப் பாதி படித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் முடியவில்லை, அதனால்தான் பாதி. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' மூன்றாவது முறையாக இருநூறு பக்கத்தில் நின்றது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசுவது நியாயமில்லை.

மொத்தம் இருபத்திரண்டு. முடித்தது பதினாறு. முந்தைய ஆண்டுகளில் எத்தனை என்று கேட்காதீர்கள், அப்போது நோட்டு இல்லை.

எப்போது நேரம் கிடைக்கிறது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. தாள் திருத்தம், புறப்பாடம், கூட்டம், இணையத்தில் விவரம் பதிவது எல்லாம் உங்களுக்கு இருக்கிற மாதிரிதான் எனக்கும். டியூசன் வாசலில் முக்கால் மணி நேரம், அம்மாவோடு அரை மணி நேரம். ஆசிரியர் அறையில் படித்துப் பார்த்தேன், இரண்டு நாள்தான். கையில் நாவலோடு உட்கார்ந்தால் வேலை இல்லாதவர் என்று நினைத்து ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்று பக்கக் குறிப்பைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கிழிக்கவில்லை. தேர்வு நெருங்கும்போது மாணவர்களுக்கு அது தேவைப்படுகிறது. நான்காவது பக்கம் ஒன்று சேர்த்திருக்கிறேன். அதில் மாலனும் கற்பகமும் இருக்கிறார்கள். கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டு 'நீ எங்கே நிறுத்தினாய்?' என்று எழுதியிருக்கிறேன். திரும்பி வந்த முப்பத்தோரு தாளில் பத்தொன்பது காலியாக வந்தன. நான்கில் ஒரே பக்க எண், ஒரே வாக்கியம். பார்த்து எழுதியிருக்கிறார்கள். மீதி எட்டைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன்.

மாலனைக் கேட்ட மாணவியிடம் 'தண்ணீ'ரைக் கொடுத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தாள். "டீச்சரம்மாவுக்குப் பேரே இல்லயா, டீச்சர்?" என்று கேட்டாள். மறுபடியும் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை, "ஞாபகம் இல்ல, குடு பாக்கலாம்" என்றேன். இருவரும் புரட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அம்மா அடுத்த புத்தகம் கேட்கிறார். அதே ஆசிரியரின் 'லங்காட் நதிக்கரை' வேண்டுமாம். நான் கேட்ட இரண்டு கடையிலும் இருப்பு இல்லை. உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு படி இருந்தால் சங்கத்தின் வழியாக எனக்குத் தெரியப்படுத்துங்கள். தபால் செலவு என்னுடையது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் படிக்கிறோம், நடுவில் அம்மாவும் பேசுவார். அதனால் இரண்டு மாதம் தவணை கொடுங்கள்.